கேப்டன் பகலவன் கொடுத்த டோக்கன்

திருவொற்றியூர்
3.11.2002

அருமை மருமகள் பவானிக்கு மாமா மாரியப்பன் எழுதிக்கொண்டது. நானும் என் சைக்கிளும் நலம். அங்கே நீ, மாப்பிள்ளை ரஞ்சித், பேத்தி மகிழினி மூவரும் சுகமா? பிலாய்க் குளிருக்கு என் அக்கா பூவம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது?

சத்தியம் செய்து சொல்கிறேன், இப்போது எழுதப்போகும் கதையை நீ நம்பப்போவதில்லை. உலகத்தில் ஒருவரும் நம்பப்போவதில்லை. ஆறு மாதமாக ஒரு வீட்டை உன் மாமாவால் விற்க முடியவில்லை.

நான் யார்? காசிமேட்டிலிருந்து எண்ணூர் முகத்துவாரம் வரை என் செருப்புத் தேயாத வாசற்படி கிடையாது. கடல் பாதி தின்ற வீட்டை, ‘கடலே உங்கள் வீடு தேடி வரும்’ என்று சொல்லி விற்றவன். கூரை இல்லாத வீட்டை நிலா வெளிச்சத்தோடு சேர்த்து விலை பேசியவன். அப்பேர்ப்பட்டவனை நாற்பத்தொன்றாம் எண் வீடு தோற்கடித்துவிட்டது. கடற்கரைச் சாலையிலிருந்து இரண்டாவது தெரு. கீழே ஒரு போர்ஷன், மாடியில் ஒரு போர்ஷன். மொட்டைமாடியில் நின்றால் துறைமுகத்துக்குக் காத்திருக்கும் கப்பல்களை எண்ணலாம். கொஞ்சம் எம்பினால் அந்தமான் தெரியும். அந்தக் காற்றில் கொடியில் போட்ட துணி தானே காய்ந்து, தானே மடிந்து, பீரோவுக்குள் போய்விடுகிறது.

வீட்டுக்காரர் பெயர் சிலுவையம்மாள். வயது ஐம்பத்திரண்டு. ராயபுரத்தில் பிறந்தவர். துறைமுக அலுவலகத்தில் முப்பது வருடம் டெலிபோன் ஆபரேட்டர். தம்பி லூர்துவைப் படிக்கவைத்து ஆளாக்கியதில், தான் கல்யாணம் செய்துகொள்ள வேண்டும் என்பது அவருக்கு நினைவில்லாமல் போய்விட்டது. இப்போது விருப்ப ஓய்வு வாங்கியிருக்கிறார். வீடு விற்ற மறுநாள் தூத்துக்குடிக்குத் தம்பி வீட்டோடு போய்விடுவதாக ஏற்பாடு. குரலை வைத்தே பொய்யைப் பிடிக்கிறவர். போன வாரம் வாசலில் நின்று, “சிலுவம்மா, நாளைக்கு ஒரு பார்ட்டி வருது” என்றேன். உள்ளேயிருந்து, “வராது புரோக்கரே. டீ ஆறுது, குட்ச்சிட்டு போ” என்றார். வரவில்லை. இஞ்சி டீ. ஏலக்காய் இரண்டு. சர்க்கரை கம்மி, ஏனென்றால் ஒருநாள் நான் எனக்கு சுகர் இருப்பதாகச் சும்மா சொல்லிவைத்தேன். அதை மட்டும் நம்பிவிட்டார்.

இன்னும் இரண்டு பக்கம் அவரைப் பற்றி எழுதியிருக்கிறேன், பின்னால் இணைத்திருக்கிறேன், படி. பதினான்கு பார்ட்டிகள் வந்து பார்த்தார்கள். ஒருவருக்கும் பிடிக்கவில்லை. காரணம் எனக்கே விளங்கவில்லை.

அக்காவுக்கு என் நமஸ்காரம். பேத்திக்கு ஆயிரம் முத்தம், அவள் துடைத்துக்கொண்டால் இன்னும் ஆயிரம்.

இப்படிக்கு,
வடசென்னையின் வாசற்படிகளுக்கெல்லாம் அதிபதி,
மாரியப்பன்


பிலாய்
20.11.2002

அன்புள்ள மாமாவுக்கு,

எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் உங்களுக்கு வணக்கம் சொல்கிறது. உங்களுக்கு சுகர் இல்லை என்பதை அந்த அம்மாவிடம் சீக்கிரம் சொல்லிவிடுங்கள், பாவம்.

ஒரு நல்ல செய்தி. இவருக்கு மணலிக்கு மாற்றல் வந்திருக்கிறது. மே மாதக் கடைசியில் வந்துவிட வேண்டும். ஜூனில் மகிழினிக்கு ஒன்றாம் வகுப்பு. பெட்டியோடும் அம்மாவோடும் வந்து இறங்குவதற்கு எங்களுக்கு அங்கே ஒரு வீடு வேண்டும். உங்கள் கடிதத்தைப் படித்ததும் இவர், “தேடவே வேண்டாம், அந்த நாற்பத்தொன்றாம் எண்தான்” என்று சொல்லிவிட்டார். வங்கிக் கடனுக்கும் எழுதிப் போட்டாயிற்று.

அந்த வீட்டை நாங்களே வாங்கிக்கொள்கிறோம் மாமா. வேறு யாருக்கும் காட்ட வேண்டாம். போனில் கேட்டால் நீங்கள் நழுவிவிடுவீர்கள் என்று அம்மா சொல்கிறார். அதனால் எழுத்தில் கேட்கிறேன், எழுத்திலேயே பதில் வேண்டும்.

அன்புடன்,
பவானி


திருவொற்றியூர்
15.12.2002

மருமகளுக்கு மாமாவின் ஆசிகள். நலம். பதில் தாமதமானதற்கு மழைதான் காரணம். தபால்காரர் நீந்தி வருகிறார்.

அந்த வீடு வேண்டாம் தாயே. சொந்தப் பிள்ளையை அதில் குடிவைக்க என் மனம் ஒப்பவில்லை. கிணற்றுத் தண்ணீரில் மீனைக் கழுவினால் கருவாடாகத்தான் கைக்கு வரும். மாப்பிள்ளை ராத்திரி ஸ்கூட்டரை நிறுத்தினால் உப்புக்காற்று தின்று, காலையில் ஹாரன் மட்டும் மிஞ்சும். கன்டெய்னர் லாரிகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். தெருமுனையில் நின்றுபோன ஒரு லாரி எவ்வளவு நாள் நகரவில்லை என்றால், அதன் டிரைவருக்கு அந்த விலாசத்திலேயே ரேஷன் கார்டு கொடுத்துவிட்டார்கள்.

விம்கோ நகரில் தங்கமான வீடு ஒன்று இருக்கிறது. புளியந்தோப்பில் ஹவுசிங் போர்டு ஃபிளாட், வெள்ளிக்குச் சமம். யானைக்கவுனியில் ஒன்று, சுவரைச் சுரண்டினால் வைரம். எது வேண்டும் சொல்.

மேலும், அந்த வீட்டுக்கு டோக்கன் அட்வான்ஸ் விழுந்துவிட்டது. வாங்குகிறவர் கேப்டன் பகலவன், சிங்கப்பூர்க் கப்பலில் தலைமை மாலுமி. ஆள் ஏழடி. டோக்கன் வாங்கிய வீட்டை இன்னொருவருக்குக் காட்டுவது எங்கள் தொழிலில் மகா பாவம்.

அக்காவுக்கு நல்லெண்ணெய் தடவு.

மாரியப்பன்


பிலாய்
28.12.2002

அன்புள்ள மாமா,

இங்கு அனைவரும் நலம், உங்கள் உடம்புக்கு ஒன்றுமில்லையே?

உங்கள் இரண்டு கடிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன். நவம்பரில் துணியை மடித்து வைத்த காற்று, டிசம்பரில் ஸ்கூட்டரைத் தின்கிறது. நடுவில் நடந்தது ஒன்றே ஒன்றுதான். வாங்குகிறேன் என்று நான் எழுதினேன்.

இன்னொன்றையும் கவனித்தேன். முதல் கடிதம் நான்கு பக்கம். வீட்டுக்கு ஒரு பக்கம், வீட்டுக்கார அம்மாவுக்கு மூன்று பக்கம். டீயில் ஏலக்காய் எத்தனை என்று தெரிகிறது, வீட்டில் அறை எத்தனை என்று தெரியவில்லை.

கேப்டனுடைய கப்பலின் பெயர் என்ன மாமா?

சிலுவையம்மாள் அவர்களுக்கே ஒரு கடிதம் போட்டுவிட்டேன். கதவு எண்ணை நீங்கள்தான் கொடுத்தீர்கள்.

பவானி


41, திருவொற்றியூர்
16.1.2003

அன்புள்ள பவானிக்கு,

ஆண்டவர் கிருபையால் நலம். உன் கடிதம் கிடைத்தது. கையெழுத்து நன்றாக இருக்கிறது. கேட்டவற்றுக்கு வரிசையாகப் பதில் எழுதுகிறேன்.

அறைகள் நான்கு. கீழே இரண்டு, மாடியில் இரண்டு. தண்ணீர் லேசான உப்பு, குடிக்க லாரித் தண்ணீர். மாடியிலிருந்து கப்பல் தெரியும். அந்தமான் தெரியாது.

வீடு பார்க்க வந்தவர்கள் பதினான்கு பேர் அல்ல, நான்கு பேர். உன் மாமா தொழிலில் ஒரு சட்டம் வைத்திருக்கிறார். வீட்டை மாலை நாலரை மணிக்குத்தான் காட்ட வேண்டும். அப்போது காற்று கடலிலிருந்து வரும், லாரி குறைந்திருக்கும், குழாயிலும் ஏதாவது சொட்டும். இந்த ஊரில் எல்லா வீட்டையும் அவர் அப்படித்தான் விற்றார். என் வீட்டை மட்டும் பகல் பதினொன்றரைக்குக் காட்டுகிறார். அந்த நேரத்தில் லாரிகள் வரிசையாக நின்று ஹாரன் அடிக்கும், மேற்கிலிருந்து ஃபேக்டரி வாடை வரும். நான்கு பேரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு போனார்கள். ஏன் என்று நான் கேட்கவில்லை.

கேப்டனை நான் பார்த்ததில்லை. நவம்பர் முப்பதாம் தேதி உன் மாமாதான் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு வைத்து, அவர் கொடுத்ததாக ஆயிரத்தொரு ரூபாய் கொண்டுவந்து தந்தார். இந்தப் பக்கத்து வழக்கப்படி டோக்கன் வாங்கினால் மூன்று மாதத்துக்கு வேறு யாரிடமும் பேசக் கூடாது. நானும் பேசவில்லை.

அதற்குப் பிறகும் தினமும் மாலை நாலரைக்கு வந்து, இன்று யாரும் வீடு பார்க்க வரவில்லை என்று சொல்லிவிட்டுப் போகிறார். டோக்கன் விழுந்த வீட்டை யார் பார்க்க வருவார்கள்?

தூத்துக்குடி போவதில் எனக்குச் சந்தோஷமா என்று கேட்டிருந்தாய். தம்பி வீடு பெரிய வீடு.

இதை எழுதியதாக மாமாவிடம் சொல்ல வேண்டாம். அவருக்கு சுகர் இல்லை என்று எழுதியிருந்தாய், நன்றி. இனி டீயிலேயே பதில் சொல்லிக்கொள்கிறேன்.

சிலுவையம்மாள்


திருவொற்றியூர்
8.2.2003

மருமகளே,

சுகமே, நாடுவதும் உங்கள் சுகமே. நாக்கு மட்டும் கொஞ்சம் தித்திப்பாக இருக்கிறது. சிலுவையம்மாள் ஏனோ திடீரென்று டீயில் மூன்று கரண்டி சர்க்கரை போடுகிறார்.

கேப்டனின் கப்பல் பெயர் கேட்டாய். பெயர் எழுதியிருந்த பக்கத்தைத் திமிங்கலம் உரசிவிட்டதால் இப்போது படிக்க முடியவில்லையாம். கப்பல் மொரீஷியஸ் கிட்டே நின்றுவிட்டது. கேப்டன் தனி ஆளாக நீந்திப்போய்த் திமிங்கலத்திடம் சமாதானம் பேசிக்கொண்டிருக்கிறார். இதை அப்படியே சிலுவையம்மாளிடம் சொன்னேன்.

“அப்படியா. டோக்கன் கெடு இந்த மாசக் கடைசியோட முடியுது புரோக்கரே. லூர்து வேற போன் பண்ணிகினே கீறான். மார்ச்சு கடைசில அவனே ஒரு பார்ட்டிய இட்டுனு வரானாம்.”

“கேப்டனுக்கு ஒரு மாசம் டைம் குடுங்க சிலுவம்மா.”

“திமிங்கலம் ஒத்துக்குமா?”

“அது நல்ல மாதிரி.”

“கேப்டன் இன்னாத்துக்குத்தான் இந்த வூட்ட வாங்குறாரு? வந்து குடியிருப்பாரா, பூட்டி வெச்சிப்பாரா?”

நான் டீயை ஊதிக்கொண்டிருந்தேன். டீ சூடாக இருந்தது. அவர் ஒரு மாதம் கொடுத்துவிட்டார்.

விம்கோ நகர் வீட்டைப் பற்றி நீ இன்னும் பதில் எழுதவில்லை.

மாரியப்பன்


பிலாய்
18.2.2003

அன்புள்ள மாமா,

நாங்கள் நலம். அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்துதான் இதை எழுதச் சொல்கிறார்.

விம்கோ நகர் வேண்டாம். நேராகவே எழுதிவிடுகிறேன். அந்த வீடு விற்றால் சிலுவையம்மாள் போய்விடுவார். அது உங்களுக்குப் பொறுக்கவில்லை. சொந்த மருமகள் கேட்டும் நீங்கள் கொடுக்காததற்கு வேறு காரணம் இல்லை. இதை எனக்கு எழுத வேண்டாம், அவரிடம் சொல்லுங்கள். அவர் உங்களுக்காகத் தங்கட்டும், தங்காமல் போகட்டும். கேட்காமலே ரயில் ஏற்றிவிடாதீர்கள்.

மார்ச் முடிவதற்குள் நீங்கள் சொல்லவில்லை என்றால் ஏப்ரலில் இவர் பணத்தோடு வந்து அந்த வீட்டை வாங்கிவிடுவார். எங்களுக்கும் ஜூனில் ஒரு கூரை வேண்டும். அதற்குப் பிறகு நாலரை மணிக்கு நீங்கள் வந்தால் நான்தான் டீ போடுவேன். என் டீ உங்களுக்குத் தெரியும்.

“ஐம்பத்தாறு வயசில் என்னடா வெட்கம்” என்று அம்மா கேட்கச் சொன்னார்.

பவானி


(அஞ்சலட்டை)

திருவொற்றியூர்
20.3.2003

பவானிக்கு, நலம். நலமறிய ஆவல். வெயில் ஆரம்பித்துவிட்டது. லூர்து முப்பதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை பார்ட்டியோடு வருகிறார். இன்னும் சொல்லவில்லை.

மாரியப்பன்


பிலாய்
27.3.2003

அன்புள்ள சிலுவையம்மாள் அம்மாவுக்குப் பவானியின் வணக்கங்கள்.

தாங்கள் நலம்தானே? மாமாவிடமிருந்து ஒரு கார்டு வந்தது. அதில் ஒரு பொய்கூட இல்லை. என் அம்மா பயந்துபோய் சுவாமி முன்னால் விளக்கு ஏற்றிவிட்டார். மாமாவின் நாற்பது வருடக் கடிதங்களில் இப்படி நடந்ததில்லை. உடம்புக்கு ஏதாவதா? தயவுசெய்து உடனே எழுதுங்கள்.

வீட்டைப் பற்றி நான் எதுவும் கேட்கவில்லை. உங்கள் விருப்பம் எதுவோ அதுதான் எங்களுக்கும்.

பவானி


41, திருவொற்றியூர்
5.4.2003

அன்புள்ள பவானிக்கு,

ஆண்டவர் கிருபையால் எல்லோரும் நலம். உன் அம்மாவிடம் பயப்பட வேண்டாம் என்று சொல். உன் மாமாவுக்குப் பொய் திரும்பி வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை லூர்து வந்தான். அவனோடு யானைக்கவுனியில் பருப்பு வியாபாரம் செய்யும் சண்முகவேல் என்பவர் வந்தார். லூர்துவுக்குத் தொழில் தெரியாது, ஆனால் தற்செயலாகச் சரியாக நாலரை மணிக்கு வந்து சேர்ந்தார்கள். நல்ல காற்று. ஒரு லாரியும் இல்லை. சண்முகவேல் மாடிக்குப் போய்க் கப்பலைப் பார்த்துவிட்டு வந்து, பேரம்கூடப் பேசாமல் தட்டில் டோக்கனை வைத்தார். உன் மாமா உள்ளே வரவில்லை. கேட் பக்கம் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“லூர்து, இரு. ஏற்கெனவே டோக்கன் கீது” என்றேன்.

“நாலு மாசம் ஓடிப்போச்சுக்கா. கேப்டனும் காணோம், கப்பலும் காணோம். இன்னா புரோக்கரு, எங்க உன் ஆளு?”

“வந்துட்டாரு.”

“எங்க?”

“கேட்டாண்ட கீறாரு.”

எல்லோரும் எட்டிப் பார்த்தோம். தெருவில் ஒரு ஆள் இல்லை.

“கேட்டாண்ட நீதான கீற” என்றான் லூர்து.

“ஆமா” என்றார் உன் மாமா.

அவ்வளவுதான் சொன்னார். திமிங்கலத்தை வரவழைத்த மனிதர் சைக்கிள் பெல்லைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார். லூர்து அவரை மேலும் கீழும் பார்த்தான்.

“வாடகை ரூம்ல கீற ஆளு. உனக்கு இன்னாத்துக்குப்பா இம்மாம் பெரிய வூடு?”

“வூட்டுக்கு இல்ல லூர்து. வூடு வித்தா உங்க அக்கா பூடுவாங்க.”

சண்முகவேல் மெதுவாக வெற்றிலையை ஓரமாகத் தள்ளிவிட்டுத் தன் பணத்தை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டார். நல்ல மனிதர்.

நான் கேட்டேன். “புரோக்கரே, நவம்பர்ல தட்டக் குடுத்தியே, அன்னிக்கு என்கிட்ட ரெண்டு பர்சென்ட்டு கமிஷன் பேசுனியா?”

யோசித்தார். முகம் மாறிவிட்டது. “மறந்துட்டேன்.”

“இருவத்தஞ்சு வருசமா புரோக்கரு. டோக்கன் போட்டுட்டு கமிஷன் பேசாம போன ஒரே வூடு இது. எனக்கு அன்னிக்கே தெரியும்.”

“தெரிஞ்சிக்கினே நாலு மாசம் கேப்டன் கதைய கேட்டீங்களா?”

“கத நல்லா இருந்திச்சி.”

பவானி, தூத்துக்குடி வீடு பெரிய வீடுதான். ஆனால் அங்கே மாலை நாலரைக்கு ஒருவர் மெனக்கெட்டு வந்து, இன்று யாரும் வரவில்லை என்று சொல்லமாட்டார். இதை லூர்துவிடமும் சொன்னேன். முறைத்தான். பிறகு, “போக்கா, இத மொதல்லயே சொல்லிருந்தா டிரெயின் காசு மிச்சம்” என்றான்.

திங்கட்கிழமை பதிவாளர் ஆபீசில் கல்யாணத்துக்கு மனு கொடுத்தோம். அவர் வேறு மதம், நான் வேறு மதம் என்பதால் ஆட்சேபணை உள்ளவர்கள் முப்பது நாட்களுக்குள் தெரிவிக்கலாம் என்று எங்கள் பெயரை நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருக்கிறார்கள். தினமும் போய்ப் பார்த்துவிட்டு, வில்லங்கம் ஒன்றும் இல்லை என்று வந்து சொல்கிறார். தவக்காலமும் முடிந்துவிடும். மே பன்னிரண்டாம் தேதி பதிவு.

வீடு விற்பனைக்கு இல்லை. மாடி இரண்டு அறையும் உங்களுக்கு. குடியிருந்துகொண்டே சொந்த வீட்டை நிதானமாகத் தேடுங்கள். வாடகையை உன் மாமாதான் பேசி முடிப்பாராம், இரண்டு பக்கமும் கமிஷன் கேட்கிறார். கொடுக்காதே.

ஞாயிற்றுக்கிழமை கிளம்பிய சண்முகவேலையும் அவர் கேட்டில் நிறுத்தி, விம்கோ நகரில் ஒரு வீடு இருப்பதாகச் சொல்லிக் கமிஷன் பேசி அனுப்பினார். அதனால்தான் உடம்புக்கு ஒன்றுமில்லை என்று எழுதுகிறேன்.

மகிழினிக்கு என் முத்தங்கள். பள்ளிக்கு அவள் பெயரைக் கொடுத்துவைத்திருக்கிறேன்.

சிலுவையம்மாள்


41, திருவொற்றியூர்
14.5.2003

என் அருமை மருமகளே,

மாமாவும் மாமியும் பூரண நலம். ரயிலில் இடம் கிடைக்காமல் முந்தாநாள் நீங்கள் வரமுடியாமல் போனதால், நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

அன்று காலை எண்ணூரிலிருந்து ராயபுரம் வரை ஒரு லாரி நகரவில்லை. மரியாதைக்காக அவர்களே நிறுத்திக்கொண்டார்கள். துறைமுகத்தில் நின்ற அத்தனை கப்பலும் ஒரே நேரத்தில் சங்கு ஊதியதில், சிலுவையம்மாளோடு வேலை பார்த்த டெலிபோன் ஆபரேட்டர்கள் ‘ராங் நம்பர்’ என்று சொல்லிவிட்டார்கள். பதிவாளர் ஆபீசில் கூட்டம் பத்தாயிரம். எல்லோரும் நான் வீடு விற்றுக்கொடுத்தவர்கள். பாதிப் பேர் வாழ்த்தவும் பாதிப் பேர் என்னைப் பிடிக்கவும் வந்திருந்தார்கள். பதிவாளர் அழுதார். “இருபத்தைந்து வருஷமா அடுத்தவன் பத்திரத்துக்கு சாட்சிக் கையெழுத்துப் போட்ட ஆள், இன்னிக்குச் சொந்தக் கையெழுத்து” என்று தழுதழுத்துக் கண்ணாடியைத் துடைத்தார். லூர்து என்னைத் தோளில் தூக்கி மூன்று மாடி ஏறினான். அந்தக் கட்டடத்துக்கு மாடியே கிடையாது. கேப்டன் பகலவன் திமிங்கலத்தின் மேல் ஏறி வந்து மொய் எழுதினார். சாப்பாட்டுக்கு வஞ்சிரம், ஒவ்வொரு துண்டும் புளியந்தோப்பு ஃபிளாட் அளவு.

மாடி அறைகளுக்கு வெள்ளையடித்தாயிற்று. மகிழினி எட்டிப் பார்க்க ஜன்னல் ஓரம் ஒரு முக்காலி போட்டிருக்கிறேன். மே இருபத்தெட்டில் சென்ட்ரலுக்கு நானும் உன் மாமியும் வருகிறோம். அக்காவைப் படியேற்ற நாலு பேரை ஏற்பாடு செய்யட்டுமா, நாற்பது பேரையா?

மேலே எழுதியதையெல்லாம் உன் மாமி படித்துவிட்டு, “இதுல ஒரு வரியாவது நெசமா எழுதுய்யா” என்று பேனாவைத் திருப்பி என் கையில் கொடுத்துவிட்டாள். சரி, எழுதுகிறேன்.

கூட்டம் ஏழு பேர். மேசைக்கு மேலே மின்விசிறி வேகமாகச் சுற்றியது. என் கையெழுத்துக்கான இடம் வந்ததும் தாள் காற்றில் நகர்ந்துகொண்டே இருந்தது. அவள் இரண்டு விரலால் தாளின் ஓரத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். நான் போட்டு முடிக்கும் வரை எடுக்கவில்லை. அது மட்டும் நிஜம்.

மாரியப்பன்